சின்ன விஸ்கி டிஸ்டில்லரி: என்ன கருவி வேண்டும், மாஷ் எப்படிப் போடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன விஸ்கி ஆலைகள் வந்துவிட்டன. அப்படி ஒன்றில் தானியம் அரைத்து மாஷ் போடுவதுதான் என் பிழைப்பு. இது தெரிந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும், இங்கே சொந்தமாக ஆலை தொடங்க நினைக்கும் சிலரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க முறை, அங்கங்கே ஸ்காட்லாந்து. டிகிரி என்று வரும் இடமெல்லாம் சென்டிகிரேடு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். பீர் போடுவது வேறு, வடிப்பது வேறு. அமெரிக்காவில் டிடிபி எனப்படும் மது வரி அலுவலகத்தின் பெர்மிட் இல்லாமல் வடித்தால் குற்றம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, இலங்கையில் கசிப்பு (கள்ளச்சாராயம்) காய்ச்சினால் என்ன ஆகும் என்று அங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனில் உரிமம் கேட்டுப் போனவர்களையே 1,800 லிட்டருக்குக் குறைந்த ஸ்டில் (வடிக்கும் பாத்திரம்) என்றால் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் சிப்ஸ்மித் என்ற ஜின் கம்பெனி விடாமல் மல்லுக்கட்டி 2009-இல் உரிமம் வாங்கிய பிறகுதான் அங்கே சின்ன ஆலைகளுக்கு வழி பிறந்தது. கீழே உள்ளதெல்லாம் உரிமம் வாங்கிய ஆலையில் நடக்கிற வேலை.

மாஷிங் என்றால் என்ன? ஈஸ்ட் போட்டால் போதாதா?

போதாது, ஏனென்றால் தானியத்தில் இருப்பது ஸ்டார்ச், அதை ஈஸ்ட் சாப்பிடாது. தென்னங்கள்ளை வடித்து அரக் செய்யும் இலங்கைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, மரமே சர்க்கரையைத் தந்துவிடுகிறது. தானியத்தில் அந்தச் சர்க்கரையை நாம்தான் உண்டாக்க வேண்டும். முதலில் வெந்நீரில் ஸ்டார்ச் உப்பிக் குழைய வேண்டும், அப்புறம் அமிலேஸ் என்கிற என்சைம்கள் அதை வெட்டிச் சர்க்கரையாக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும்தான் மாஷிங், அப்படி வரும் இனிப்புக் கூழ்தான் மாஷ்.

இதில் சிக்கல் எங்கே என்றால், குழைவதற்கு வேண்டிய சூடும் என்சைமுக்கு வேண்டிய சூடும் ஒன்றல்ல. ஆல்ஃபா அமிலேஸ் 65–72 டிகிரியில் நன்றாக ஓடும், ஸ்டார்ச் சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். பீட்டா அமிலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி மால்டோஸ் தரும், ஆனால் 65 தாண்டினால் சீக்கிரம் செத்துவிடும். பார்லி அறுபது சொச்சத்திலேயே குழைந்துவிடுவதால் இரண்டையும் ஒரே சூட்டில் முடிக்கலாம். மக்காச்சோளத்தை அப்படி முடிக்க முடியாது. புத்தகத்தில் 62–72 டிகிரி என்று போட்டிருக்கும், அதை நம்பி 70-இல் நிறுத்தினால் பாதி ஸ்டார்ச் உள்ளேயே கல்லாக இருக்கும். ஆலையில் அதை 85–90-க்கு மேல் கொண்டுபோய் வேகவைத்தே ஆக வேண்டும்.

முதலில் எந்தக் கருவிக்குப் பணம் ஒதுக்குவது?

எல்லோரும் ஸ்டில்லில்தான் தொடங்குகிறார்கள். பளபளவென்ற செம்பு, கண்ணாடி ஜன்னல், லூயிவில்லின் வெண்டோம் செய்ததா, ஸ்காட்லாந்தின் ஃபோர்சித்ஸ் செய்ததா, ஜெர்மனியின் கார்ல் செய்ததா என்று பேச்சு. பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பதும் அதைத்தான். ஆனால் ஸ்டில்லால் ஒரு சொட்டு ஆல்கஹாலைக்கூட உண்டாக்க முடியாது, ஏற்கெனவே இருப்பதைப் பிரித்துத் தருகிறது, அவ்வளவுதான். தொட்டியில் ஸ்டார்ச் சரியாக மாறவில்லை என்றால், மாஷ் குளிர நேரமாகிப் புளித்துவிட்டால், எத்தனை லட்சம் டாலர் செம்பாக இருந்தாலும் காப்பாற்றாது.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: போதுமான பாய்லர், மாஷைச் சீக்கிரம் ஆறவைக்கும் வழி, நல்ல அரவை மெஷின், கெட்டியான கூழைத் தள்ளும் பம்ப், அதற்கப்புறம் ஸ்டில். ஸ்டில் சின்னதாக இருந்தால் இரண்டு முறை ஓட்டிக்கொள்ளலாம். பாய்லர் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு நாளும் அழ வேண்டியதுதான்.

எந்த அளவில் தொடங்கலாம்?

1,000 லிட்டர் மாஷை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு ஏறக்குறைய 250 கிலோ தானியமும் 840 லிட்டர் தண்ணீரும் போகும் (ஒரு கிலோ மாவு கிட்டத்தட்ட 0.65 லிட்டர் இடம் பிடிக்கும்). ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து 370 லிட்டர் தூய ஆல்கஹால் எடுத்தால் சின்ன ஆலைக்குப் பரவாயில்லை என்று சொல்லலாம், அப்படியானால் 250 கிலோவுக்கு 90 லிட்டர் சொச்சம். வழக்கமான 200 லிட்டர் பீப்பாயை, போர்பனுக்கு (முக்கியமாக மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி) சட்டம் அனுமதிக்கும் உச்சமான 62.5% வலுவில் நிரப்ப 125 லிட்டர் தூய ஆல்கஹால் வேண்டும். ஆக ஒரு முழு நாள் மாஷ் ஒரு பீப்பாயைக்கூட நிரப்பாது!

இந்தக் கணக்கைப் போடாமல் 300 லிட்டர் தொட்டியோடு இறங்குகிறவர்கள் நிறைய. 300 லிட்டர் மாஷுக்கும் 2,000 லிட்டர் மாஷுக்கும் ஆள் நிற்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜின் மட்டும் செய்பவர்கள் வெளியிலிருந்து ஸ்பிரிட் வாங்கிக்கொள்வதால் அவர்களுக்குச் சின்னது போதும். தானியத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் 1,000 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

பாய்லரா, மின்சார ஹீட்டரா?

இதுவும் கணக்குதான். 1,000 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 90-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 81 யூனிட் வேண்டும். 20 கிலோவாட் ஹீட்டர் போட்டால் நாலு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம். 100 கிலோவாட் தரும் லோ பிரஷர் நீராவி பாய்லர் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதே பாய்லர் ஸ்டில்லையும் ஓட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹீட்டர் குழாயை நேராகக் கூழுக்குள் வைத்தால் மாவு அதன்மேல் ஒட்டிக் கருகும், அந்தக் கருகல் வாசனை கடைசிவரை, பீப்பாய்க்குள்ளும், கூடவே வரும். நீராவி ஜாக்கெட்டும் (நீராவி ஓடும் இரட்டைச் சுவர்) ஓயாமல் சுற்றிக் கலக்கும் அஜிடேட்டரும் இருந்தால் அந்தப் பயம் இல்லை. சிலர் நீராவியை நேராக மாஷுக்குள்ளேயே விடுவார்கள். வேகமாகச் சூடேறும், மலிவும்கூட, ஆனால் அந்த நீராவி தண்ணீராகி உள்ளேயே தங்கும். 1,000 லிட்டருக்கு 120 லிட்டர் அளவு கூடும் என்பதால் தண்ணீரை முன்கூட்டியே குறைத்து ஊற்ற வேண்டும், பாய்லரில் போடும் ரசாயனமும் உணவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பழைய பால்பண்ணைத் தொட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா?

நொதிக்க வைக்க வாங்கலாம், தாராளமாக. வேகவைக்க என்றால் யோசிக்க வேண்டும். பால் குளிரூட்டும் தொட்டியில் ஜாக்கெட் பெரும்பாலும் அடியில் மட்டும் இருக்கும், குளிரூட்டவே செய்தது, நீராவிக்கு இல்லை. ஜாக்கெட் எத்தனை அழுத்தம் தாங்கும் என்று தொட்டியில் அடித்திருக்கும் பிளேட்டைப் படிக்காமல் நீராவி கொடுக்கவே கூடாது. ஓட்டல் சூப் காய்ச்சும் பெரிய நீராவி அண்டாக்கள் கிடைத்தால் விடாதீர்கள், அஜிடேட்டர் பொருத்திக்கொண்டால் அருமையான குக்கர்.

மூடிய தொட்டி எதுவானாலும் ஒரு எச்சரிக்கை. உள்ளே நீராவி நிரம்பியிருக்கும்போது மூடியை இறுக்கிக் குளிர்ந்த தண்ணீர் விட்டால், நீராவி சுருங்கி வெற்றிடமாகி, தடித்த ஸ்டீல் தொட்டி வெளிக்காற்றின் அழுத்தத்தில் நசுங்கிவிடும். வேக்யூம் ரிலீஃப் வால்வு விலை கம்மி, தொட்டி விலை அப்படியில்லை.

அரவை எப்படி இருக்க வேண்டும்?

உமியை வடிகட்டப் போகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்து முறையில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) உமிதான் தொட்டி அடியில் சல்லடையாகப் படிந்து சாற்றை வடித்துத் தருகிறது, அதனால் உமி உடையாமல் ரோலர் மில்லில் நசுக்குவார்கள். உமி 20, குருணை 70, மாவு 10 என்பது அங்கே பல ஆலைகளில் சொல்லும் விகிதம். மாவு கூடினால் தொட்டி அடைத்துக்கொள்ளும், குருணை பெரிதானால் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். போர்டியஸ் என்கிற பழைய இங்கிலாந்து மில்களை அங்கே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவு உறுதியாகச் செய்ததால் புதிதாக வாங்க யாருமில்லாமல் கம்பெனியே மூடிவிட்டது என்பார்கள்.

அமெரிக்க முறையில் தானியத்தோடேயே நொதிக்கவைத்து, பல இடங்களில் தானியத்தோடேயே வடிப்பதால், ஹேமர் மில்லில் 2–3 மில்லிமீட்டர் சல்லடை போட்டு நைசாக அரைத்துவிடலாம். தூசிதான் பிரச்சினை. தானியத் தூசி காற்றில் பறக்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். மில்லுக்குத் தனி அறை வையுங்கள். இடமில்லை என்றால் அரைத்த மாவையே மூட்டையாக வாங்கலாம், ஆனால் பழைய மாவில் வாசனை போய்விடும்.

மக்காச்சோள மாஷை வரிசையாகச் சொல்லுங்கள்.

போர்பன் என்றால் மக்காச்சோளம் குறைந்தது 51% இருக்க வேண்டும். பழக்கத்தில் 70–75% போட்டு, மீதியில் ரையோ (கோதுமைக்கு உறவான ஒரு தானியம்) கோதுமையோ கொஞ்சம், பார்லி மால்ட் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அதிகச் சூடு தாங்கும் ஆல்ஃபா அமிலேஸை (கடையில் திரவமாக வரும், 85–90 டிகிரியிலும் சாகாது) ஒரு பங்கு ஊற்றிவிட்டு, அஜிடேட்டர் ஓட ஓட மக்காச்சோள மாவை மெதுவாகத் தூவுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் களி கிண்டும்போது கட்டி தட்டுமே, அதேதான் நடக்கும், வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக உருண்டை உருண்டையாக நிற்கும், என்சைம் அதற்குள் நுழையவே நுழையாது. மாவு முழுக்க நனைந்த பிறகு 88–90-க்கு ஏற்றுங்கள். 75 டிகிரி வாக்கில் கூழ் திடீரென்று இறுகும், அஜிடேட்டர் மோட்டார் முனகும். முன்கூட்டியே ஊற்றிய என்சைம் கைகொடுப்பது இங்கேதான், அது இல்லாவிட்டால் மோட்டார் நின்றுவிடும். 90-இல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கூழ் மறுபடி தண்ணீராக இளகி, கையில் தேய்த்தால் நறநறப்பு இல்லாமல் போனால் வெந்துவிட்டது.

அப்புறம் 72-க்கு இறக்கி ரை அல்லது கோதுமை, அரைமணி. அதற்கப்புறம் 64-க்கு இறக்கி பார்லி மால்ட். 72, 64 என்ற இந்த இரண்டு நிலையிலும் அவசரப்படாதீர்கள். 72-லேயே மால்ட்டைப் போட்டால் பீட்டா அமிலேஸ் நிமிடங்களில் போய்விடும், கொட்டின மால்ட் வாசனைக்கு மட்டும் மிஞ்சும். 64-இல் ஒரு மணி நேரம் வைத்து, 30 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட். குளுகோஅமிலேஸ் (மிச்ச ஸ்டார்ச்சைக் குளுக்கோஸாக்கும் என்சைம்) சேர்ப்பவர்கள் அதை 60 டிகிரி வாக்கில் ஊற்றுவார்கள், சிலர் நொதிக்கும் தொட்டியிலேயே ஊற்றிவிடுவார்கள்.

வெளியிலிருந்து என்சைம் ஊற்றுவது ஏமாற்று வேலை இல்லையா?

ஸ்காட்லாந்தில் செய்தால் சட்டவிரோதம். 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள், தானியத்தில் தானாக இருக்கும் என்சைமை மட்டும்தான் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் தடையில்லை, பெரிய ஆலைகளும் பயன்படுத்துகின்றன. என் கருத்து: மக்காச்சோளத்துக்கும் ரைக்கும் கூசாமல் ஊற்றுங்கள், மால்ட் மட்டுமே போடும் மாஷுக்கு ஊற்றாதீர்கள். நல்ல மால்ட்டுக்குத் தேவையே இல்லை, தேவைப்படுகிறது என்றால் உங்கள் சூடோ பி.எச். (புளிப்பு) அளவோ எங்கோ தப்பு, என்சைம் அதை மூடி மறைக்கும்.

ரை ஏன் எல்லோரையும் அழவைக்கிறது?

பிசின். ரையில் பென்டோசான், பீட்டா குளுக்கான் என்று தண்ணீரை இழுத்துப் பசையாகிற பொருள்கள் அதிகம். 100% ரை மாஷ் கோந்து மாதிரி ஆகிவிடும், நொதிக்கும்போது நுரை தொட்டியைத் தாண்டித் தரைக்கு வரும். 45 டிகிரியில் அரைமணி நிறுத்தி, பீட்டா குளுக்கனேஸ், சைலனேஸ் என்கிற என்சைம்களைச் சேர்த்தால் இளகும். தண்ணீரும் கொஞ்சம் கூட வையுங்கள், தொட்டியில் கால்பங்காவது காலியாக விடுங்கள். வடிகட்ட நினைக்கவே வேண்டாம், உமியே இல்லாத தானியம் அது.

மால்ட் மட்டும் போடுகிற ஸ்காட்லாந்து முறை எப்படி?

இது எளிது, அழகும்கூட. அரைத்த மால்ட்டோடு கிலோவுக்கு 4 லிட்டர் கணக்கில் வெந்நீர், கலந்தபின் 63–64 டிகிரி நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மாற்றம் முடியும். அடியிலிருந்து தெளிந்த சாற்றை இறக்கிவிட்டு, 70–75 டிகிரியில் இரண்டாம் தண்ணீர், அதற்கப்புறம் 80–90-இல் கடைசித் தண்ணீர். கடைசியாக வடிவது மிக நீர்த்தது, அதைக் கொட்டாமல் வைத்திருந்து மறுநாள் மாஷுக்கு முதல் தண்ணீராக ஊற்றுவார்கள். சிக்கனம் என்றால் அதுதான்.

பீர்க்காரர்கள் சாற்றைக் கொதிக்கவைப்பார்கள், நாம் கொதிக்கவைப்பதில்லை. இதில் பெரிய லாபம் இருக்கிறது: உயிரோடிருக்கும் என்சைம்கள் நொதிக்கும் தொட்டியிலும் மிச்ச ஸ்டார்ச்சை வெட்டிக்கொண்டே இருக்கும். பீரின் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.010-இல் நின்றுவிடும், நம் மாஷ் 1.000-க்கும் கீழே, 0.998 வரைகூட, இறங்குவது அதனால்தான்.

ஐலே தீவின் கில்ஹோமன், ஃபைஃபின் டாஃப்ட்மில் மாதிரிப் பண்ணை ஆலைகள் 2005-இல் இந்த முறையைச் சின்ன அளவில் தொடங்கியவை, தங்கள் வயலில் விளைந்த பார்லியையும் போடுகிறார்கள். இந்தியாவில் பெங்களூரின் அம்ருத் ஆறுவரிசை பார்லியை வைத்தே சிங்கிள் மால்ட் செய்து 2004-இல் கிளாஸ்கோவிலேயே போய் வெளியிட்டது. அந்த பார்லியில் புரதமும் என்சைமும் கூட, ஸ்டார்ச் குறைவு, ஆகவே டன்னுக்குக் கிடைக்கும் ஆல்கஹால் கொஞ்சம் கம்மி. அமெரிக்காவுக்கும் 2025 ஜனவரி முதல் அமெரிக்கன் சிங்கிள் மால்ட் என்று சட்டப்படி ஒரு வகை வந்துவிட்டது, 100% மால்ட் பார்லி, ஒரே ஆலையில் வடித்தது.

மாஷ் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

அயோடின் சோதனை. ஒரு வெள்ளைத் தட்டில் தெளிந்த சாறு ஒரு சொட்டு, மேலே அயோடின் ஒரு சொட்டு. நீலக் கறுப்பானால் ஸ்டார்ச் பாக்கி, மஞ்சளாகவே நின்றால் முடிந்தது. உமித்துண்டு விழுந்தால் அது எப்போதும் கறுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இந்தச் சோதனை தண்ணீருக்குள் வந்த ஸ்டார்ச்சைத்தான் சொல்லும், வேகாத குருணைக்குள் பூட்டிக்கிடப்பதைச் சொல்லாது. அதற்கு அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். 250 கிலோ போட்ட 1,000 லிட்டரில் 1.065-க்கு மேல் காட்ட வேண்டும், 1.050 என்றால் அரவையையோ வேகவைத்ததையோ போய்ப் பாருங்கள். தெளிந்த சாற்றை 20 டிகிரிக்கு ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும்.

தண்ணீர், பி.எச். இதெல்லாம் அவ்வளவு முக்கியமா?

முக்கியம். மால்ட் என்சைம்களுக்கு 5.2–5.6 பிடிக்கும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருந்தால் கரி ஃபில்டர் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வாசனை வரும். இரும்பு கூடாது, கால்சியம் நல்லது, அது ஆல்ஃபா அமிலேஸைச் சூட்டில் காப்பாற்றுகிறது. கென்டக்கிக்காரர்கள் தங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீரைப் பற்றி அளப்பதில் இவ்வளவு உண்மை உண்டு: கால்சியம் இருக்கும், இரும்பு இருக்காது. ஆனால் அதே தண்ணீர் பி.எச்.-ஐ மேலே தள்ளும். அதைக் கீழே இழுக்கத்தான், வடித்து முடித்தபின் ஸ்டில்லில் மிஞ்சும் புளித்த நீரை அடுத்த மாஷில் கால்பங்கு வரை சேர்க்கிறார்கள். சவர் மாஷ் என்று லேபிளில் போடுவது இதைத்தான். ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கென்டக்கியில் இதை அளந்து, ஒழுங்குபடுத்தி வைத்தார். குடிக்கும்போது புளிக்காது, கவலை வேண்டாம்.

குளிரவைப்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

புதிய ஆலைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1,000 லிட்டரை 90-லிருந்து 30-க்கு இறக்க 70 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஜாக்கெட்டில் குழாய்த் தண்ணீர் விட்டால் முதல் முப்பது டிகிரி மளமளவென்று இறங்கும், 50-க்குக் கீழே நகரவே நகராது, தண்ணீருக்கும் கூழுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. கோடையில் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில் வந்தால் விடியவிடிய உட்கார வேண்டியதுதான். இனிப்பும் வெதுவெதுப்புமாக நிற்கும் அந்த நேரத்தில் மால்ட் உமியோடு வந்த லாக்டிக் பாக்டீரியா ஈஸ்டுக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்துவிடும். அது தின்ற சர்க்கரை உங்களுக்கு ஆல்கஹாலாக வராது.

வடிகட்டிய சாறு என்றால் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தகடுகளின் ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் குளிர்ந்த தண்ணீரும் ஓடும் கருவி) போதும். தானியத்தோடு இருக்கும் மாஷை அதில் விட்டால் ஐந்து நிமிடத்தில் அடைக்கும், குழாய்க்குள் குழாய் வைத்த வகைதான் வேண்டும். அதோடு ஒரு சில்லரும், குளிர்ந்த தண்ணீர் சேர்த்துவைக்க ஒரு தொட்டியும். எக்ஸ்சேஞ்சரிலிருந்து சூடாக வெளியே வரும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், மறுநாள் மாஷுக்கு அதுவே ஆகும், பாய்லர் செலவு கணிசமாகக் குறையும்.

பம்ப்?

தானியத்தோடு என்றால் மோனோ பம்ப் (திருகு சுழன்று கூழைத் தள்ளும் வகை), இரண்டு அங்குலத்துக்குக் குறையாத ஹோஸ். சாதாரண சென்ட்ரிஃபூகல் பம்ப் தண்ணீருக்கு. முடிந்த மதுவைத் தள்ளும் மோட்டார் மட்டும் வெடிப்பு தாங்கும் வகையாக இருக்கட்டும்.

நொதிக்க மரத்தொட்டி வேண்டுமா?

ஸ்காட்லாந்தில் ஆரெகான் பைன் மரத்தொட்டிகள் இன்னும் இருக்கின்றன, மர இடுக்கில் தங்கும் பாக்டீரியா வாசனைக்கு உதவுகிறது என்பார்கள். சின்ன ஆலைக்குக் குளிர்ஜாக்கெட் வைத்த ஸ்டீல் போதும். நொதிக்கும்போது மாஷ் தானாகவே சூடேறும். 30-இல் தொடங்கி குளிர்விக்காமல் விட்டால் ஈஸ்ட் தாங்காத அளவுக்குப் போய்விடும். 33, 34 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஆல்கஹால் வந்துவிடும், ஐந்து நாள் விட்டால் பழவாசனை கூடும். முன்பு திட்டிய அதே லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட் வேலை முடித்தபிறகு வந்தால் நண்பன்.

கடைசியில் ஸ்டில்லைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

செம்பு வேண்டும், ஏனென்றால் நொதிக்கும்போது வரும் கந்தக நாற்றத்தை அது பிடித்துக்கொள்கிறது. விஸ்கிக்கு பாட் ஸ்டில்லில் இரண்டு முறை வடிப்பது நேர்வழி: முதல் முறை 8–9% மாஷ் 25–30% ஆகும், இரண்டாம் முறையில் தலை, நடு, வால் என்று பிரித்து நடுவை எடுப்பார்கள். மேலே தட்டுகள் வைத்த ஹைப்ரிட் ஸ்டில் ஒரே ஓட்டத்தில் முடிக்கும், வோட்காவும் அதில் செய்யலாம். தானியத்தோடு வடிப்பதாக இருந்தால் ஸ்டில்லுக்குள்ளும் அஜிடேட்டர் வேண்டும். போர்பன் 80%-க்கு மேல் வடிக்கக் கூடாது, ஸ்காட்ச் 94.8%-க்குக் கீழே.

மெத்தனால் வராதா? தலையை ஒதுக்கினால் அது போய்விடுமா?

இதைக் கேட்காதவர்களே இல்லை, தமிழ்நாட்டுக்காரர்கள் குறிப்பாக. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அது காய்ச்சும்போது தானாக விளைந்த மெத்தனால் இல்லை, ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலைக் கொண்டுவந்து ஊற்றியது. நொதிக்கும்போது மெத்தனால் வருவது பெக்டினிலிருந்து, பழங்களில் அது உண்டு, தானியத்தில் மிகக் குறைவு. தலையை ஒதுக்குவது அசிடால்டிஹைட், எத்தில் அசிடேட் போன்ற காரமான வாசனைகளை நீக்கத்தான். தண்ணீரோடு கலந்திருக்கும்போது மெத்தனால் ஓட்டம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும், முதல் குவளையைக் கொட்டினால் விஷம் போய்விடும் என்பது நம்பிக்கை மட்டுமே. விஷம் கலந்த சரக்கை எந்த ஸ்டில்லாலும் வீட்டில் சுத்தம் செய்ய முடியாது.

அரிசி, கேழ்வரகு, சோளம் எல்லாம் போடலாமா?

போடலாம். அரிசி ரகத்துக்கு ரகம் 68–78 டிகிரியில் குழையும், மக்காச்சோளம் மாதிரியே வேகவைக்க வேண்டும், அதற்கென்று என்சைம் கிடையாது. ஒகினாவாவில் அவமோரி செய்பவர்கள் மால்ட்டுக்குப் பதில் கோஜி என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்து அந்த வேலையை வாங்குகிறார்கள். கேழ்வரகை முளைகட்டினால் அமிலேஸ் நன்றாகவே வரும், குழந்தைகளுக்கு முளைகட்டிய ராகிக் கஞ்சி நீர்க்க இருப்பதும் அதனால்தான். சிகாகோவில் கோவல் என்ற ஆலை சிறுதானியத்தில் விஸ்கி செய்து விற்கிறது. சின்னத் தானியம் என்பதால் மில்லின் இடைவெளியைக் குறைக்காவிட்டால் முழுசாக நழுவி வெளியே வந்துவிடும்.

பாதுகாப்புக்கு முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று. ஆல்கஹால் ஆவி: 40% சரக்கே 26 டிகிரியில் தீப்பிடிக்கும் ஆவி விடும், ஸ்டில் அறையில் சாதாரண சுவிட்ச், பிளக் கூடாது, காற்றோட்டம் கட்டாயம். கார்பன் டை ஆக்சைடு: ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் கிட்டத்தட்ட அரைகிலோ வாயு, காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளும் தரையோரமும் தங்கும். காலியான தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. மீட்டர் இல்லாமல், வெளியே ஆள் இல்லாமல், இறங்கவே கூடாது. மூன்றாவது, 90 டிகிரிக் கூழ். தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஹோஸ் கிளாம்பைக் கழற்றும் முன் வால்வை இரண்டு முறை பாருங்கள்.

மிஞ்சுகிற கூழை என்ன செய்வது?

தொடங்கும் முன்பே இதற்கு ஆள் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கும் ஏறக்குறைய 10 லிட்டர் கழிவுக் கூழ் வரும், புளிப்பு, கொதிக்கும் சூடு, சாக்கடையில் விட ஊர் நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. புரதம் நிறைய இருப்பதால் மாட்டுக்கு நல்ல தீவனம், பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக் கொண்டுவந்து சும்மாவே எடுத்துப் போவார். ஆனால் வெயில் காலத்தில் இரண்டு நாள் வைத்தால் கெட்டுவிடும் என்பதால் அவர் வராத வாரத்துக்கு இன்னொரு பண்ணைக்காரரின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.